அப்பா கரண்டியில் வாய் வைத்த நாள்

என் மகனுக்கு,

நான் சுகம், அப்பாவும் சுகம் என்று ஆரம்பித்தே கை பழகிவிட்டது. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அதைத் தலையணைக்கு அடியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, பதில் எழுதாமல் நான்கு நாளை ஓட்டினேன். இனி ஓட்ட முடியாது. சீமையில் சண்டை நடக்கிற இந்த நாளில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும். அப்பா மீன் வாங்க ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார். திரும்பி வர நேரமாகும். இப்போதெல்லாம் பாலத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருகிறார்.

சேரன்மகாதேவியில் உனக்குப் பெண் அமைந்ததில் எனக்குச் சந்தோஷம். தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் மகள், நாலு எழுத்துப் படித்தவள், உன் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர்கள் வீட்டார் வருகிற சனிக்கிழமை நம் வீட்டுக்குக் கை நனைக்க வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்து போனால் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான், அன்றைக்கு அப்பா அடுப்புப் பக்கம் போக வேண்டாம், பந்திக்கு முன்னால் வரவே வேண்டாம், டவுனில் இருந்து சமையல்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். நீ கோபமாக எழுதவில்லை. தலைமை வாத்தியாருக்கு லீவு எழுதுகிற மாதிரி மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்த மரியாதைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

இதை நீ படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டலாம். கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உன் அப்பா சீனாவுக்குத் தெற்கே கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவில் பிறந்தவர் என்றும், பதினாறு வயதில் பினாங்குக்கு வந்து ஒரு துரை வீட்டில் சமையல் படித்தவர் என்றும், அந்தத் துரை பஞ்சு வியாபாரத்துக்காகத் தூத்துக்குடி வந்து, பிறகு பாளையங்கோட்டையில் பங்களா எடுத்தபோது கூடவே வந்தவர் என்றும் உனக்குத் தெரியும். அவர் தமிழ் படித்த கதையும் தெரியும். குசினிக்கு வேண்டிய காய்கறி, மீன் எல்லாம் விற்கிற பெண்களிடம்தான் அவர் தமிழைக் கற்றுக்கொண்டார். அதனால் முதல் இரண்டு வருஷம் மீசை வைத்த ஆண்பிள்ளைகளையும் 'ஏளா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கசாப்புக் கடைக்காரர் ஒருநாள் கத்தியோடு வெளியே வந்த பிறகுதான் அந்த வார்த்தை பெண்களுக்கு மட்டும் உரியது என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கதையை நீ சின்னப் பிள்ளையில் எத்தனை தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாய். கேட்டுப் பழகிய கதைகள் போகட்டும். நான் உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது, அது அவருடையது அல்ல, என்னுடையது.

நான் நாங்குநேரிக்காரி என்றும், என் அப்பா பெயர் வேதமுத்து என்றும், அவர் என்னைப் படிக்க வைக்கப் பாளையங்கோட்டை மிஷன் போர்டிங்கில் விட்டார் என்றும், நான் அங்கே இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் வாந்திபேதியில் போய்விட்டார்கள் என்றும் உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அதில் போர்டிங் ஒன்றுதான் உண்மை. எனக்கு ஊர் தெரியாது. அப்பா பெயர் தெரியாது. அம்மா என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதும் தெரியாது. தாது வருஷப் பஞ்சத்தில் சர்க்கார் சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில், செத்துக் கிடந்த ஒரு பெண்பிள்ளையின் சேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். ஐந்தாறு வயது இருக்கும் என்று சொன்னார்கள். அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்து போர்டிங்கில் சேர்த்தார்கள். எனக்கு நினைவில் இருப்பது ஒரு தகரக் குவளையும், ஆற்றங்கரையில் நாள்கணக்காக நடந்ததும் மட்டும்தான். எந்தச் சாதி, எந்தச் சனம் என்று கேட்டால் நான் யாரைக் கையைக் காட்ட?

போர்டிங்கில் எல்லாரும் ஒரே ஜெபத்தைத்தான் சொன்னோம். ஆனால் அப்பா அம்மா கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எங்களுக்குக் 'கஞ்சித் தொட்டிப் பிள்ளைகள்' என்று பெயர். சண்டை வந்தால் முதலில் அந்த வார்த்தைதான் வந்து விழும். என் பாயில் பாதி படுத்தவள் ஞானப்பூ. அவள்தான் நாங்குநேரிக்காரி. வேதமுத்து அவளுடைய அப்பா. லீவுக்கு அவள் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் முறுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்து எனக்கும் பாதி தருவாள். பெருமாள் கோவில் தேர் எவ்வளவு உயரம், அவர்கள் வீட்டு மாட்டுக்கு என்ன பெயர் என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எனக்கு மனப்பாடம். பதினான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் ஊரை நான் மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். அவள் அப்பாவையும் எடுத்துக்கொண்டேன். செத்தவளுக்கு அது இனி எதற்கு என்று அப்போது நினைத்தேன். அந்தப் புத்தியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பாவிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. போர்டிங் பெண்களைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஊரைக் கேட்டார்கள், அடுத்து அப்பன் பெயரைக் கேட்டார்கள், அதற்கு அடுத்து எழுந்து போனார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் மீன் சாப்பிடுமா என்று மட்டும் போர்டிங்கை நடத்திய மிஸ்ஸியம்மாளிடம் கேட்டாராம். வேதக் கோவிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், அந்த நீளப் பின்னலை வெட்ட வேண்டும் என்றார்கள். இடுப்பு வரை தொங்கிய பின்னல் அது. வெட்டிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி மூன்றாம் நாள் நான் கஞ்சித் தொட்டிப் பிள்ளை என்று அவரிடம் சொன்னேன். வீட்டை விட்டு இறக்கிவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரிலும் கஞ்சிக்கு வரிசை உண்டு என்றார். பிறகு எழுந்து போய் அரிசியைக் கழுவி, இஞ்சி தட்டிப் போட்டு, கெளுத்தி மீனை முள் எடுத்துப் பிய்த்துப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி ஒரு கஞ்சி வைத்தார். பதினொரு வருஷமாகக் கஞ்சி வாடையே எனக்கு ஆகாது. அன்றைக்கு இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அப்போதுதான் கரண்டி விஷயம் நடந்தது. அவர் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி, வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியை மறுபடி பானைக்குள் விட்டார். அவர்கள் ஊரில் சமையல்காரன் என்றால் அப்படித்தான். அந்தக் கஞ்சியை நான் குடித்துவிட்டேன், அன்றைக்கு எனக்கு இருந்த மனநிலை அப்படி. மறுநாள் குழம்பிலும் அதையே செய்தபோது பானையோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். எச்சில் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கப் பாதி நாள் ஆயிற்று. நாக்கு வைக்காமல் எப்படிச் சமைப்பது என்று அவர் கத்தினார். கரண்டியில் இருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு அதை நக்கிப் பார்ப்பது எப்படி என்று காட்டினேன். சுடுகிறது என்றார். சுட்டால் சுடட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கரண்டியில் வாய் வைத்ததில்லை. பங்களாவிலும் வைத்ததில்லை. துரைசானி பார்த்துவிட்டுச் சிரித்தாளாம், அதற்கும் மாற்றவில்லை. அவருடைய இடது உள்ளங்கையின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் காய்த்துப்போய் மரத்துக் கிடக்கிறதே, அது எப்படி வந்தது என்று இப்போது தெரிந்துகொள்.

நீ வயிற்றில் இருந்தபோது என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டுப் போக ஒரு தாய் வீடு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் வேதமுத்து மகள் என்று முதல்தடவையாக வாயைத் திறந்து வெளியில் சொன்னேன். வேண்டாம் என்று உன் அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை. உன்னைப் பெற்றுப் படுத்திருந்த நாற்பது நாளும் எனக்கு அவர்தான் தாய். பங்களாவில் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு ஓடி வருவார். உடன்குடிக் கருப்பட்டியும் இஞ்சியும் ஆட்டுக்காலும் போட்டு அவர் ஊர் மருந்து ஒன்றை வற்ற வற்றக் காய்ச்சித் தருவார். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பிள்ளைக் காயத்தையும் விடாமல் தருவார், இரண்டு ஊர் மருந்தும் ஒரே வயிற்றுக்குள் போயிற்று. உனக்குப் பெயர் வைக்கும் நாள் வந்தது. அவருடைய அப்பா பெயரை வைக்க ஆசைப்பட்டார். மூன்றே எழுத்து, கூப்பிடவும் லேசாக இருக்கும் என்று கெஞ்சிக் கேட்டார். நான் வேதமுத்து என்றுதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டும், அதற்கு உன்னைப் பிடித்துப் போட்டேன். அவர் சரி என்று விட்டுவிட்டார். நீ இன்று கையெழுத்துப் போடுகிற பெயர் உனக்கு ஒரு உறவும் இல்லாத மனிதருடைய பெயர்.

உன் பிறந்தநாள்தோறும் மாவைப் பிசைந்து இழுத்து இழுத்து ஒரே இழையாக ஒரு கிண்ணம் நிறையச் செய்வாரே, நீ அதற்கு 'நீள இடியாப்பம்' என்று பெயர் வைத்தாயே, அதைப் பல்லால் கடித்து அறுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி நீ உறிஞ்சி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டில் எது கொதித்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார். கரண்டியை ஊதி ஊதி ஆறவைத்து உன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, உப்பு சரியா என்று கேட்பார். என்னைக் கேட்க மாட்டார். ஊறுகாய் தின்று என் நாக்கு கெட்டுப்போயிற்றாம். இந்த வீட்டில் சரியான நாக்கு உனக்கு ஒருத்தனுக்குத்தான் என்பார். நீ பெரிய மனுஷன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒரு கல் உப்பு என்பாய். அவரும் போடுவார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கோவில் உபதேசியார் வீட்டிலிருந்து உனக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். பெண்ணையும் உனக்குப் பிடித்திருந்தது. கை நனைக்க எட்டுப் பேர் வந்தார்கள். சீனாக்காரன் பாம்பையும் தவளையையும் தின்பான் என்று ஊரில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதற்காக அப்பா கறியே எடுக்கவில்லை. தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைத்தார். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். மூன்று நாள் லீவு வாங்கிக்கொண்டு, தேங்காயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். வந்தவர்களில் பெண்ணின் தாய்மாமனும் ஒருவர். கொழும்பில் இருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். உன் பெயரையும் என் ஊரையும் அவர் அன்று காலையில்தான் கேட்டிருக்கிறார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அவர் உபதேசியாரிடம் பேசினார். குசினி ஜன்னல் அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது.

“வேதமுத்து எனக்கு மாமா மொற வேணும். அவருக்கு ஒரே மக, அது போர்டிங்குலயே காய்ச்சல்ல போயிருச்சு. இவ யாருன்னே தெரியல. கஞ்சித் தொட்டில பொறுக்குன பிள்ளயா இருக்கும். எல்லாரும் எலயில உக்காரட்டும், சபைல வச்சு ஒங்கப்பன் யாருன்னு அவகிட்டயே கேட்டுருதேன்.”

உபதேசியார் பயந்து, மெதுவாகப் பேசச் சொன்னார், உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறார் என்றார். அதற்கு அந்த மனிதர் சிரித்திருக்கிறார்.

“அந்தச் சீனாக்காரனுக்கு என்ன புரியப் போவுது?”

இருபத்திரண்டு வருஷமாக இதே தமிழில் மீன் பேரம் பேசி, மனைவியோடு சண்டை போட்டு, பிள்ளையைத் தாலாட்டித் தூங்க வைத்த மனிதருக்கு என்ன புரியப் போகிறது என்று கேட்டார். எல்லாம் புரிந்தது. சொதி அடுப்பில் இருந்தது. அவருக்கு யோசிக்க இருந்த நேரம் அந்தச் சொதியை இறக்கிக் கொண்டுவருகிற நேரம் மட்டும்தான்.

மீதியை நீ கண்ணால் பார்த்தாய். இலை போட்டாயிற்று, ஏழு பேர் உட்கார்ந்தாயிற்று, அந்த மாமன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். அப்பா பாத்திரத்தோடு வந்து பந்திக்கு நடுவில் நின்றார். கரண்டியை விட்டுச் சொதியை எடுத்து, எல்லாரும் பார்க்க வாய் வைத்து, சத்தம் வர உறிஞ்சினார். தலையை ஆட்டிக்கொண்டார். அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுக் கலக்கி, உபதேசியார் இலையில் ஊற்றப் போனார். உட்கார்ந்தவர்கள் அப்படியே எழுந்தார்கள். எச்சில் சோற்றுக்கா எங்களைக் கூப்பிட்டீர் என்று அந்த மாமன் கத்தியதுதான் தெருவெல்லாம் கேட்டது. வேறு எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. எழுந்து போக ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது, இன்னொன்றை எடுத்து வெளியில் போட்டுத் தாங்கள் ஏமாந்த கதையைத் தாங்களே பரப்புவானேன் என்று உபதேசியாரும் அவர் வாயை அடைத்திருப்பார். அவர்கள் வண்டி கட்டிப் போன பிறகு நீ அப்பா முன்னால் வந்து நின்றாய்.

“இனிமே ஒங்க கைச்சோறு எனக்கு வேண்டாம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கையில் அந்தக் கரண்டி இருந்தது. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், அந்த நேரத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும் அவர் மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மக்கா. இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளும் தவறாதவர், தன் கையைச் சுட்டுச் சுட்டுப் பழகினவர், உன் வாழ்க்கையில் முக்கியமான அந்த ஒரு நாளில், அதுவும் எட்டுப் பேர் கண்ணுக்கு முன்னால், மறந்துபோய் வாய் வைப்பாரா? உனக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கோபம் வந்தால் மனிதருக்கு முதலில் போவது யோசனைதான்.

நீ வெளியே போன பிறகு அவரும் நானும் மட்டும் இருந்தோம். பசிக்கிறது என்றார். அந்தச் சொதியையே ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த பிறகு கிணற்றடியில் கேட்டதைச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. நான் தப்பித்தேன் என்றுதான் இருந்தது. இதை உன்னிடம் மறைத்து இனி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கேட்டேனே தவிர, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. அவரும் அதைத்தான் சொன்னார்.

“எம்மேல கோவம்னா ரெண்டு நாளு. ஒம்மேல கோவம்னா அவன் எங்க போவான்?”

இரண்டு நாள் ஏழு வருஷம் ஆயிற்று. நீ சேரன்மகாதேவிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். கிறிஸ்துமஸுக்கு வருவாய், கோவிலுக்கு வருவாய், சாப்பாட்டு நேரம் பார்த்து யாரையோ பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுவாய். நீ கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாய் என்று அவருக்குத் தெரியும். உன் சட்டையில் கடைச் சாம்பார் வாடை அடிக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். ஒவ்வொரு வருஷமும் உன் பிறந்தநாளுக்கு அந்த நீள இடியாப்பத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். உனக்குப் பதிலாக நான் சாப்பிடுகிறேன், கடிக்காமல். ஒவ்வொரு தடவையும் இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவேன். பழகிப்போனால் எந்த அநியாயத்தோடும் குடும்பம் நடத்தலாம் என்று நான் கற்றுக்கொண்டேன். நீ அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். உன் மனைவியிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. நான் உன் அப்பாவிடம் மூன்றாம் நாள் சொன்னேன், அதில் ஒரு குறையும் வரவில்லை. மற்றவர்களிடம் சொல்லாததில்தான் எல்லாம் வந்தது.

உன் கடிதம் வந்த அன்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாதே, அந்தத் தைரியத்தில் அப்பா கட்டாயம் இருக்க வேண்டும் என்று நீ எழுதியிருப்பதாக மாற்றி வாசித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். சமையல் யாரு என்று கேட்டார். டவுனில் இருந்து ஒருவரைச் சொல்லலாம் என்று தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லதுதான். ஏளா, எனக்கு இப்ப உப்பு தெரியல்ல.”

நான் நம்பவில்லை. உன்னைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்கிறார் என்று நினைத்தேன், அதுதானே அவர் வழக்கம். மறுநாள் ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் கொடுத்துப் பார்த்தேன். முழுக்கக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு அடுத்த நாள் இரண்டு பங்கு உப்புப் போட்டேன். அதற்கும் அதையே சொன்னார். பங்களாவில் புதுச் சமையல்காரரை வைத்துக்கொண்டு இவரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்களே, வயதாகிவிட்டது என்று சொன்னார்களே, அது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை. நாற்பது வருஷம் நாக்கை வைத்துப் பிழைத்த மனிதர், அது போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

நான் களைத்துவிட்டேன், மக்கா. பொய்யைச் சுமந்து களைத்தேனா, வயதாகிக் களைத்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தக் குமாஸ்தா வீட்டார் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பழி என்னுடையது, இந்தத் தடவை அதை அப்பா தலையில் போட விட மாட்டேன். அவர்கள் கேட்டால் சபை நடுவில் நானே எழுந்து நின்று, எனக்கு அப்பா பெயர் தெரியாது என்று சொல்லுகிறேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நாக்கு அறுந்து விழவில்லை.

டவுன் சமையல்காரருக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. சனிக்கிழமை உன் அப்பாதான் சொதி வைக்கப் போகிறார். அவருக்கு அது இன்னும் தெரியாது, வெள்ளிக்கிழமை தேங்காய் வாங்கி முன்னால் போட்டால் தானாக எழுந்துகொள்வார். நீ அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடு. வந்ததும் நேராகக் குசினிக்குப் போ. மன்னிப்பு அது இது என்று ஒன்றும் கேட்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றியும் பேசாதே, அவர் அழுதால் எனக்குப் பார்க்கத் திராணி இல்லை. அவர் கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாமல், உப்பு எவ்வளவு என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் போய் நின்று கையை நீட்டு. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

பாலத்தைத் தாண்டிவிட்டார் போல இருக்கிறது, தெரு முனையில் அவர் யாரையோ ‘ஏளா’ என்று கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அம்மா